கைவிட்டவர் பெயர்

ஹீன்தெனிய பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவில் நெடுங்காலம் சுழன்று சேவையாற்றிய மேசை மின்விசிறி அவர்கள், இன்று காலை ஒரு சிறு முனகலுடன் காலமானார் என்பதை உற்றார், உறவினர், வியர்த்துக்கொண்டிருக்கும் முறைப்பாட்டாளர்கள் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருகிறேன். இறுதிக் கிரியைகள் பற்றிய விபரம் எலக்ட்ரீஷியன் வந்ததும் அறிவிக்கப்படும்.

நான் இவ்வாறு சொல்லத் தொடங்கியதும் சார்ஜன்ட் பத்மலதா அம்மணி தலையை நிமிர்த்தி, "மரண அறிவித்தல் விளையாட்டாலதான் நீ இந்த நாற்காலியில உக்காந்திருக்க மகன். ஞாபகம் இருக்கட்டும்" என்றார். சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது விதி என்பதால் மேற்படி மரணமும் எழுதப்பட்டுவிட்டது. அதன் பிறகு பெயர், வயது, விலாசத்திலிருந்து வரிசையாகச் சொல்லுமாறு கேட்டார். சொல்கிறேன்.

எனது முழுப்பெயர் ஏக்கநாயக்க முதியான்சேலாகே கல்ஹார தெவ்மித் ஏக்கநாயக்க. வயது பதினேழு. உயர்தர வணிகப் பிரிவு மாணவன். விலாசம் இல. 41/2, மேட்டுப் பாதை, ஹீன்தெனிய, கேகாலை மாவட்டம். இது ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவருடைய வீட்டின் பின்புறத்தில் உள்ள இரண்டு வாடகை அறைகள். இங்கே நானும் என் அம்மா நிரோஷா குமாரிஹாமியும் வசிக்கிறோம். அம்மா முன்பள்ளி ஆசிரியை. அப்பா அஜந்த ஏக்கநாயக்க, கொழும்புக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றின் உரிமையாளரும் சாரதியும் ஆவார். அவர் சந்திக்குக் கீழே உள்ள எங்கள் பழைய வீட்டில் இருக்கிறார். இருவரும் இப்போது இந்த அறைக்கு வெளியே ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அது வழக்கமாக நான் உட்காரும் இடம்.

கடந்த வியாழக்கிழமை நீதிமன்ற அழைப்பாணையுடன் வந்த பிஸ்கல் உத்தியோகத்தர் சோமபால மாத்தயாவை, என் அம்மா இறந்துவிட்டதாக நம்பவைத்தது நான்தான். அவர் அதை நம்பி நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசி கொடுத்துவிட்டார். உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று சத்தியம் செய்ததற்காக இப்போது அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. என் நடிப்பு அவ்வளவு திறமானது. பாடசாலை நாடகப் போட்டியில் இறந்த மன்னனாக நடித்து, நடுவர் ஒருவரையே மேடைக்கு ஓடிவர வைத்தவன் நான். போன வருடம் அதிபரின் குரலில் ஒலிபெருக்கியில் பேசி முழுப் பாடசாலைக்கும் அரை நாள் விடுமுறை கொடுத்தவனும் நான்தான். ஆகவே முப்பது வருட சேவையுள்ள ஒரு மனிதர் என்னிடம் ஏமாந்தது அவருக்கு அவமானம் அல்ல.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் அடித்துக்கொள்பவர்கள் அல்ல. அப்பா குடிப்பதில்லை. அம்மா கத்துவதில்லை. அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். சுமார் இரண்டு வருடமாக நான் அவர்களுக்கு நடுவில் தபால் ஊழியம் செய்தேன். "அப்பாவுக்குச் சோறு வேணுமான்னு கேளு" என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்வார். நான் முன்னறைக்குப் போய், "உங்களைப் பார்க்காமல் சோறு வேக மறுக்கிறதாம், அம்மா சொல்லச் சொன்னாங்க" என்பேன். அப்பா பத்திரிகையை இறக்காமல், "வேணும்னு சொல்லு" என்பார். நான் திரும்பிப் போய், "அமுதமே ஆனாலும் உன் கையால் தந்தால்தானாம்" என்பேன். அம்மா, "பருப்பைக் கொண்டுபோய்க் குடு" என்பார். எவ்வளவு முத்திரை ஒட்டினாலும் கடிதம் போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் பஸ்ஸின் குத்தகைக் கடன் தவணை பற்றி இருவரும் நேராகவே பேசினார்கள். பேசாமலே இருந்திருக்கலாம். அந்தப் பேச்சில் அப்பா, "போறதுன்னா போ" என்று சொன்னார். அம்மா அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்பாவின் சட்டைகளையெல்லாம் துவைத்து, தேய்த்து, பிய்ந்திருந்த பொத்தான்களைத் தைத்து முடித்தார். அடுப்பின் எந்தக் குமிழ் இறுக்கமானது, மிளகாய்த் தூள் எந்தப் போத்தலில் இருக்கிறது, அப்பாவின் பிரஷர் மாத்திரையில் காலைக்கு எது, இரவுக்கு எது என்று என்னிடம் சொல்லிக் காட்டினார். "ஏன் எங்கிட்ட சொல்றீங்க, நானும் உங்களோடதானே வர்றேன்" என்று கேட்டேன். "அவருக்குச் சொல்லிட்டு வா" என்றார். சொன்னேன். அந்த முறை ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன். அதன் பிறகு நாங்கள் மேட்டுப் பாதைக்கு வந்துவிட்டோம்.

ஒரு வருடத்துக்கும் மேல் கழிந்த பிறகு, இனிச் சேர்ந்து வாழ்வதில்லை, முறையாகப் பிரிந்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில், கண்டிச் சிங்களவருக்கென்று உள்ள தனிச் சட்டத்தில் பதியும் கண்டிய விவாகம் என்றால் அதற்கு நீதிமன்றம் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருவருக்கும் சம்மதம் என்றால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பதிவாளரிடமே முடித்துக்கொள்ளலாம். ஆகவே பஸ் ஓடாத ஒரு நாளில் மூவரும் கச்சேரிக்குப் போனோம். அம்மா கண்டியச் சேலையான ஒசரி உடுத்தியிருந்தார். அப்பா விவாகச் சான்றிதழை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். தெரியாதவர் பார்த்தால் கல்யாணம் எழுத வந்தவர்கள் என்றே நினைப்பார்.

அங்கிருந்த உத்தியோகத்தர், "ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டார்.

"சம்மதம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இருவரும் சேர்ந்து ஒரு சொல்லைச் சொல்லி நான் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

அதன் பிறகு அவர் சான்றிதழை எடுத்துப் பார்த்து, கண்ணாடியை மாற்றிப் போட்டு மறுபடி பார்த்து, "இது கண்டிய விவாகம் இல்லையே. பொதுச் சட்டத்துல எழுதியிருக்கு" என்றார்.

அப்பா, "சேர், நாங்க ரெண்டு பேரும் கண்டிய ஆக்கள்தானே. பேரைப் பாருங்க. முதியான்சேலாகே, குமாரிஹாமி" என்றார்.

"பேர்ல இருக்கு. பதிவுல இல்லையே. எந்தப் புத்தகத்துல கட்டினீங்களோ அந்தப் புத்தகத்துலதான் அவுக்கலாம். கண்டிய விவாகமா இருந்தா இப்பவே எங்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போகலாம். இதுக்கு நீங்க சட்டத்தரணியைப் பிடிச்சு மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகணும்."

இது எப்படி நடந்தது என்று அம்மா திரும்பி வரும்போது சொன்னார். கல்யாண நாளில், மணமேடையான போருவையிலிருந்து இறங்கிய கையோடு, எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று பதிவாளர் கேட்டிருக்கிறார். அம்மாவின் அண்ணன் டிக்கிரி மாமா முன்னால் வந்து, "கண்டிய முறையில எழுதினா நாளைக்கே ஒரு கையெழுத்தில அனுப்பிடுவான். என் தங்கச்சியைப் பொதுச் சட்டத்துல எழுதுங்க. இரும்பு மாதிரி நிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். மணமக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா இறந்து இப்போது நாலு வருடமாகிறது. அவர் செய்துவைத்தது மட்டும் இரும்பு மாதிரி நிற்கிறது.

"அண்ணன் பூட்டைப் போட்டுட்டு சாவியைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு" என்று அம்மா சொன்னார். அப்பா வீதியைப் பார்த்தபடி வெறும் பஸ்ஸை ஓட்டினார். பொதுச் சட்டத்தில் எல்லாம் பொது, குற்றம் மட்டும் ஒருவருக்கே தனி என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அதன் பிறகு நீதிமன்றத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் சட்டத்தரணி விஜேகோன் அம்மணியிடம் போனோம். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். தடுப்புப் பலகை என் தோள் உயரம்தான். ஆகவே நான் ஒட்டுக்கேட்கவில்லை, கேட்டது.

அப்பா, "எங்களுக்குள்ள சண்டை ஒண்ணும் இல்ல மிஸ். ரெண்டு பேருக்கும் சம்மதம்" என்று தொடங்கினார்.

"சம்மதம்ங்கிறது இங்க காரணம் இல்ல" என்றார் சட்டத்தரணி. "பொதுச் சட்டத்துல யாராவது ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்கணும். காரணம் மூணுதான். கல்யாணத்துக்குப் பிறகு வேற ஒருத்தரோட தொடர்பு."

"ஐயோ, அதெல்லாம் இல்ல" என்றார் அம்மா.

"கல்யாணம் கட்டும்போதே கணவனுக்கோ மனைவிக்கோ தீராத ஆண்மைக் குறைவோ, அது மாதிரிக் குறையோ."

அப்பா இருமினார். "பையன் வெளியே உக்காந்திருக்கான் மிஸ். அவனே சாட்சி" என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். அம்மா சிரித்ததால் அப்பாவும் சிரித்தார். சட்டத்தரணியும் சிரித்தார். நான் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, இனி எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

"அப்ப மூணாவது. தீய நோக்கத்தோட கைவிட்டுப் போறது. உங்கள்ல வீட்டை விட்டுப் போனது யாரு?"

அதன் பிறகு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பலகைக்கு மேலே அம்மாவின் கை தெரிந்தது. முன்பள்ளியில் பிள்ளைகள் உயர்த்துவதைப் போல உயர்த்தியிருந்தார். "நான்தான் மிஸ். நான்தானே வாசலைத் தாண்டினேன்."

அதன் பிறகு செலவு பற்றிப் பேசினார்கள். அம்மா வழக்கை மறுத்து வந்தால் விசாரணை நீளும், ஒவ்வொரு தவணைக்கும் சட்டத்தரணிக் கூலி, இரண்டு பக்கமும் இரண்டு சட்டத்தரணிகள், எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அழைப்பாணையைப் பெற்றுக்கொண்டு அம்மா வராமல் இருந்துவிட்டால், அப்பாவை மட்டும் விசாரித்துத் தீர்ப்பு வரும், மூன்று மாதம் கழித்து அது உறுதியாகும், எல்லாம் சேர்த்து ஒரு லட்ச ரூபாய்க்குள் முடியும் என்றார். ஏற்கெனவே பஸ்ஸுக்குத் தவணை கட்டுகிற அப்பா, வழக்குக்கும் தவணை என்றதும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் வராம இருக்கிறதுதான் மலிவு" என்று அம்மா சொன்னார். "அதையே செய்வோம்."

படியில் இறங்கும்போது நான் அம்மாவிடம், "நீங்க தீய நோக்கத்தோட போனீங்களா?" என்று கேட்டேன்.

"தாள்ல எழுதுறதுதானே மகன். யாரு போய் வாசிக்கப் போறா?"

நான் வாசித்தேன். சில வாரங்களில் வழக்குத் தாளின் பிரதி அப்பாவின் பஸ்ஸில், சாரதி இருக்கைக்கு மேலே சொருகியிருந்தது. மேற்படி எதிராளியானவர் நியாயமான காரணம் ஏதுமின்றி, தீய நோக்கத்துடன், வழக்காளியையும் குடும்ப இல்லத்தையும் கைவிட்டுச் சென்றார் என்று அதில் இருந்தது. எதிராளி என்ற இடத்தில் என் அம்மாவின் பெயர் முழுதாக இருந்தது. என் அம்மாவின் முன்பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமார் யாராவது ஒருவர் நீதிமன்றத்தில் வேலை செய்தால் போதும். அப்படி ஒருவர் இருக்கிறார். ஏற்கெனவே அவர் ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது, "டீச்சரும் பாவம், மனசுல என்ன இருந்துச்சோ" என்று என் காதில் படும்படி சொன்னார். நான் அவருடைய ஸ்கூட்டரின் காற்றைத் திறந்துவிட்டேன். அதற்கும் சேர்த்து வழக்கு எழுதலாம்.

அந்தத் தீர்ப்பில் என் அம்மாவின் பெயர் வரக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். அழைப்பாணை அம்மாவின் கையில் சேராவிட்டால் வழக்கு நகராது என்பதைத் தடுப்புப் பலகைக்கு மேலாக நான் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பின்னேரம் சோமபால மாத்தயா முதல் தடவை வந்தார். அம்மா வீட்டில் இல்லை. அவர் வாசலில் நின்றபடியே, "நாளைக்குப் பத்து மணி போல வர்றேன் மகன். அம்மாவை இருக்கச் சொல்லுங்க. அவங்க கையிலதான் கொடுக்கணும்" என்றார். நான் சரி என்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை. முன்பள்ளி விடுமுறை என்பதால் அம்மா வியாழன் காலை சந்தைக்குப் போனார். லீக்ஸ் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், அவசரப்பட வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன்.

எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தில் வெள்ளைக் கொடி கட்டும் பொறுப்பு இளைஞர்களுடையது. யார் வீட்டில் சாவு என்றாலும் சந்தியிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை கயிற்றில் கொடி கட்டுவது நானும் என் வகுப்பு நண்பர்களும்தான். சாமான் அறைச் சாவி அந்த மாதம் என்னிடம் இருந்தது. சாவு வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் வழக்கு, கடன், வாக்குவாதம் எதையும் கொண்டுபோவதில்லை. குத்தகைக் கம்பனிக்காரர்கள்கூட வெள்ளைக் கொடியைக் கண்டால் திரும்பிவிடுவார்கள். ஆகவே அம்மா போன பிறகு நான் மேட்டுப் பாதை வளைவிலிருந்து எங்கள் வாசல் வரை கொடி கட்டினேன். தனியாகக் கட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது.

சோமபால மாத்தயா மோட்டார் சைக்கிளில் வந்தார். வளைவில் கொடியைக் கண்டதும் என்ஜினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். திரும்பிப் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. சாவு வீட்டுக்கு முன்னால் சத்தம் போடக்கூடாது என்று மோட்டார் சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டே வந்தார். அவருக்கு அறுபது வயதிருக்கும்.

வாசலில் என்னைப் பார்த்து, "யாரு மகன்?" என்று கேட்டார்.

நான் அந்த இடத்தில் என் முழுத் திறமையையும் காட்டினேன். கண்ணீரை வரவழைத்தேன். உதட்டை நடுங்கவிட்டேன். பேச வாயெடுத்து, பேச முடியாதவன் போலத் தொண்டையை அடைத்துக்கொண்டேன். நாடக ஆசிரியர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

அவர் மெதுவாக, "அம்மாவா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

அவர் அழைப்பாணையைப் பைக்குள்ளே வைத்து, பையை முதுகுப் பக்கம் தள்ளினார். தன்னுடைய கைக்குட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். அது இப்போது சான்றுப் பொருளாக இந்த மேசையில் இருக்கிறது. "அழுங்க மகன், அழுங்க. கோர்ட்டுக்கு நான் சொல்லிக்கிறேன். இனி இந்தத் தாளை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்ல" என்றார். அதன் பிறகு மோட்டார் சைக்கிளை வளைவு வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் என்ஜினைப் போட்டார்.

அவர் போனதும் நான் கொடிகளைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. படியில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு நடந்ததில் ஒரு பகுதியைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். சோமபால மாத்தயா நீதிமன்றப் பதிவறையில் விடயத்தைச் சொல்லி, சத்தியக்கடதாசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அங்கே நின்ற சட்டத்தரணியின் எழுதுவினைஞர் அதைக் கேட்டுவிட்டு விஜேகோன் அம்மணியிடம் சொல்ல, அவர் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து அனுதாபம் தெரிவித்திருக்கிறார். அப்பா அப்போது கொழும்பு வீதியில் பாதி தூரம் போயிருந்தார். பஸ்ஸை ஓரத்தில் நிறுத்தி, பயணிகளைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிடும்படி நடத்துநரிடம் சொல்லிவிட்டு, ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்து வந்திருக்கிறார்.

நான் கண்டது இது. வளைவில் முச்சக்கர வண்டி நின்றது. அப்பா இறங்கி, கொடிகளைப் பார்த்தார். மேட்டில் ஏறி வரவில்லை. அப்படியே மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு காலில் செருப்பு இல்லை. வலது கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டார். சத்தம் வரவில்லை. நான் ஓடினேன். நான் அவரிடம் போய்ச் சேருவதற்குள், பின்னால் சந்தைப் பையோடு அம்மா வளைவில் திரும்பினார்.

அம்மா கொடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பையைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு முன்னால் குனிந்து, "யாருங்க? யாரு போனது? சொல்லுங்க, யாரு?" என்று கேட்டார்.

அப்பா நிமிர்ந்து அம்மாவையே பார்த்தார். "நீ" என்றார்.

அம்மா கொடியை மறுபடி ஒருமுறை பார்த்தார். அதன் பிறகு, "எனக்கு யாரும் சொல்லலியே" என்றார்.

அப்பா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்தார். அதன் பிறகுதான் அவர் குரல் வெளியே வந்தது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று சார்ஜன்ட் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எழுத வேண்டாம்.

அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இதையும் சொல்ல வேண்டும். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். மூவரும் அறைக்குள் வந்தோம். அம்மா பிளேன்டீ ஊற்றினார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் இப்படித்தான் சாயம் ஊத்துற" என்றார். "உங்க வாய்க்கு எதுவும் சரிவராதுதானே" என்றார் அம்மா. அங்கிருந்து பேச்சு குத்தகைக்குப் போனது, டிக்கிரி மாமாவுக்குப் போனது, நான் எட்டாம் வகுப்பில் எந்தப் பாடசாலைக்குப் போயிருக்க வேண்டும் என்பதற்குப் போனது. டீ ஆறுவதற்குள் இருவரும் வேறு வேறு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இறந்துவிட்டார் என்றால் மற்றவரால் தாங்க முடியாது. உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தாலும் தாங்க முடியாது. இதற்குச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்திருக்கலாம்.

அதன் பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று என்னிடம் கேட்டார்கள். அம்மா தீய நோக்கத்துடன் போனதாக எழுதியிருப்பதை வாசித்தேன், அது பொய், அதனால் செய்தேன் என்று சொன்னேன்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப என் பேரை எழுதட்டும்" என்றார். "நான் வீட்டை விட்டுப் போகலைன்னாலும், போக வெச்சது நான்தான்னு எழுதலாமாம். சட்டத்தரணி அன்னிக்கே சொன்னாங்க. நீ வழக்குப் போடு, நிரோஷா. நான் வராம இருக்கேன்."

"நீங்க எங்க என்னைப் போக வெச்சீங்க?"

"போறதுன்னா போன்னு சொன்னேன்தானே."

"அது சண்டையில சொன்னது."

"சொன்னது சொன்னதுதானே."

"நீங்க துரத்தலியே" என்றார் அம்மா.

"நீயும் கைவிடலியே" என்றார் அப்பா.

இரண்டு பேரும் உண்மை பேசியதால் மேற்கொண்டு பேச ஒன்றும் இருக்கவில்லை. அப்பா எழுந்து, "புதுசா வழக்குப் போட்டா கூலியும் புதுசா குடுக்கணும். பரவால்ல. பழைய டயர் ரெண்டை மாத்தாம இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதன் பிறகு கொடிகளைக் கழற்றினோம். அப்பா வளைவிலிருந்தும் அம்மா வாசலிலிருந்தும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். பாதையின் நடுவில் இருவரும் சந்தித்தபோது அப்பா தன் பக்கச் சுருளை அம்மாவின் கையில் கொடுத்தார். "மருந்தைத் தவறாமப் போடுங்க" என்று அம்மா சொன்னார். என்னிடம் சொல்லி அனுப்பவில்லை, நேராகச் சொன்னார். அப்பா தலையசைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போனார்.

நான் காப்பாற்ற நினைத்தது ஒரு பெயரை. இப்போது அந்த இடத்தில் என் அப்பாவின் பெயர் எழுதப்படப் போகிறது. அதுவும் பொய்தான்.

மறுநாள் சத்தியக்கடதாசி பிழை என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்து, சோமபால மாத்தயாவின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவருக்கு ஓய்வு பெற அதிக காலம் இல்லை. அப்பாவே என்னை இங்கே கூட்டி வந்தார். இன்று காலை இந்த அறைக்கு வரும் வழியில் சோமபால மாத்தயாவைக் கண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அம்மா சுகமா இருக்காங்களா மகன்?" என்று மட்டும் கேட்டார். சுகம் என்றேன். "நல்லது, நல்லது" என்றார். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். தண்டனை எதுவானாலும் எனக்கு எழுதுங்கள்.

அதன் பிறகு சார்ஜன்ட் இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். என் நடிப்புப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தி, "இது சரிதானே?" என்று கேட்டார்.

சரியில்லை. திருத்த வேண்டும். நான் நடிக்கவில்லை. யார் என்று கேட்டால், தபால் அதிபரின் தூரத்துச் சொந்தம் ஒருவர் என்று சொல்வதற்குப் பெயர், வயது, வருத்தம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மேடு ஏறி வந்ததில் மூச்சு வாங்க, "யாரு மகன்?" என்று கேட்டதும் அதில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. தலையை ஆட்டினேன் என்று சொன்னதும் பிழை. விம்மியதில் தலை ஆடியது. அவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. குற்றம் அதுதான். நாடகப் போட்டியில் ஓடிவந்ததும் நடுவர் அல்ல, என் அம்மா.

ஏன் அழுதாய் என்று சார்ஜன்ட் கேட்கவில்லை. கேட்காதபடியால் பதில் எழுதப்படவில்லை.

இந்தத் திருத்தத்தோடு சேர்த்து மேலே உள்ளவை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன, விளங்கின. யாரும் என்னைச் சொல்லச் சொல்லிச் சொல்லவில்லை. எல்லாம் உண்மை என்று ஏற்று, இப்போது உள்ளே அழைக்கப்பட்ட பெற்றோர் முன்னால் கையொப்பமிடுகிறேன்.

ஒப்பம்: கல்ஹார தெவ்மித் ஏக்கநாயக்க
முன்னிலையில், பெற்றோர்: அஜந்த ஏக்கநாயக்க, நிரோஷா குமாரிஹாமி
பதிந்தவர்: சார்ஜன்ட் பத்மலதா, ஹீன்தெனிய